அத்தை நீட்டிய கணக்கு வகுப்பு

ஊரடங்கு சமயத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் கணக்கு டீச்சர் என் சொந்த அத்தை. தென்காசியில் தன் வீட்டு லேப்டாப்பில்தான் ஆன்லைன் வகுப்பு எடுப்பாள். எங்கள் வீட்டில் நல்ல போன் இல்லாததால் நான் மட்டும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தேன். மற்றவர்களுக்குத் திட்டு மட்டும் போய்ச் சேர்ந்தது. எனக்குக் குட்டும் சேர்த்துக் கிடைத்தது.

அன்று காலையிலிருந்தே சாரல். அச்சன்புதூர் இசக்கி திரையில் வந்தாள். எப்போதும் வீடியோவை அணைத்தே வைத்திருப்பவள், அன்று பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக நின்றாள். வகுப்பில் கணக்குக்கு அவள்தான் முதல்.

"மைனஸையும் மைனஸையும் பெருக்கினா என்னட்டி வரும்?"

"மைனஸ், டீச்சர்."

அத்தை திரையை உற்றுப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மைனஸ்தான் டீச்சர்."

இசக்கியின் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "ஏட்டி, மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க, போன வையி."

இசக்கியின் அப்பா முகம் காட்டினார். "வீட்ல ஒரு விசேஷம் டீச்சர். இவள விட்டுருங்க."

"அதுக்கென்ன அண்ணாச்சி, இத மட்டும் சொல்லிட்டு வரட்டும். இது கூடத் தெரியலன்னா எம்பேருல்லா கெடும்" என்று அத்தை சிரித்தாள். சிரித்தபடியே மைக்கை அணைத்துவிட்டு மாமா பக்கம் திரும்பினாள்.

"இசக்கிக்குத் தாலி கட்டப் போறாங்க. ஓடுங்க."

காப்பி குடித்துக்கொண்டிருந்த மாமா போலீஸ்காரர். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே மழையில் பைக்கை எடுத்தார். அத்தை மைக்கைப் போட்டு அடுத்த கணக்கைக் கேட்டாள். அதுவும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. ஒவ்வொன்றையும் அத்தை இழுத்து இழுத்து விளக்கினாள். நடுவில் படம் அப்படியே உறைந்து நின்றது. அத்தை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் மறுபடி அசைந்தபோது இசக்கியின் அப்பாவின் கை போனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"போதும் டீச்சர்."

"ஒண்ணே ஒண்ணு, அண்ணாச்சி."

அவர் பதில் சொல்வதற்குள் அங்கே ஒரே கூச்சல். போன் கீழே விழுந்து ஓட்டுக்கூரையைக் காட்டியது. "சின்னப் பிள்ளைக்கு என்னய்யா கல்யாணம்?" என்று மாமாவின் குரல் கேட்டது. அத்தை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கல்யாணம் நின்றது எனக்கு அன்றே புரிந்தது. அவ்வளவு சுலபமான கணக்கை இசக்கி எப்படித் தப்பாகச் சொன்னாள் என்பதுதான் புரியவில்லை. பயத்தில் மறந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன். பள்ளி திறந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் பிளஸ் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவளும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.