அம்மா கொட்டிய இலைகள்

உயிர்வேதியியல் பேராசிரியர் என்று என் பெயரோடு போட்டுக்கொண்ட முதல் வருடமே என் ஆய்வை ஊற்றி மூடப் பார்த்தவர், வேறு யார், என் அம்மாதான்.

தேயிலையைக் கறுக்க வைக்கும் நொதி முற்றிய இலையிலும் வேலை செய்கிறதா என்பது என் கேள்வி. வெள்ளிக்கிழமைக்குள் முடிவைக் கொடுக்காவிட்டால் ஆய்வு நிதி கைநழுவிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் அம்மா குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போய், மேனேஜரிடம் அனுமதி கேட்டு, நன்றாக முற்றிய இலைகளாகப் பார்த்துப் பறித்து ஐஸ் பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை அம்மாவே பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் திறந்தால், அடக் கடவுளே! அத்தனையும் தளதளவென்று இளங்கொழுந்து. முற்றிய இலை மருந்துக்குக்கூட இல்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போன் போட்டேன்.

"ஆமா, நாந்தான் அதையெல்லாம் கொட்டிட்டு மாத்துனேன். விடியக்காலம் போயி நல்ல கொழுந்தா கிள்ளிப் போட்டேன். மாடுகூட மோந்து பாக்காத எலைய யுனிவர்சிட்டிக்குத் தூக்கிட்டுப் போறியே, வெக்கமா இல்ல?"

அம்மா வேலை பார்த்த காலமெல்லாம் கொழுந்து எடுத்தவர். முற்றிய இலை கலந்திருந்தால், தராசில் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி எல்லார் முன்னாலும் கூடையைக் கவிழ்த்துவிடுவாராம்.

"ஒங்க தொர பாத்தா ஏச மாட்டாரா? எஸ்டேட்டுப் புள்ளைக்குக் கொழுந்தெடுக்கத் தெரியலன்னு சொல்லிட்டா?"

"ஐயோ அம்மா, இங்க தொரையே கெடையாது. நாந்தான் தொர!"



"நீயா?"

"நானேதான்."

"அப்ப ஒன்னைய யாரும் ஏச மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

அப்புறம் என்னோடு பேச அம்மாவுக்கு ஏது நேரம்? பக்கத்து வீட்டைப் பார்த்து, "அக்கா, எம்மவ தொரையாம்லா!" என்று கத்தியதில் எனக்குக் காது அடைத்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. ராத்திரி மறுபடி போன் போட்டு, ஆய்வுக்கு முற்றிய இலைதான் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் அம்மா பஸ் ஏறி ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். மீன் வாங்கும் ஐஸ் பெட்டி நிறைய முற்றிய இலை. யார் கண்ணிலும் படக் கூடாதென்று மேலே பழைய சாரோங் துணியைப் போட்டு மூடியிருந்தார்.

சுற்றும் முற்றும் பார்த்தார். மேசைமேல் இருந்த தராசு கண்ணில் பட்டது. நேரே போய் அதன் முன்னால் பெட்டியை இறக்கி வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"நிறுத்துக்குங்க, தொர" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் உதடு துடித்தது.

சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.