செவ்வாய்க்கிழமை இறால்

திங்கட்கிழமை கடலுக்குப் போகும் விசைப்படகுகள் செவ்வாய் காலையில் கரைக்குத் திரும்பும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, படகுகளைப் பார்க்க எங்கள் ஊர் அபிராமத்திலிருந்து தங்கச்சிமடம் போயிருந்தேன். கரையில் இறாலைத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு நடுவே பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. பெயர் ஜெனிபர், எட்டாம் வகுப்பு. அன்று அவளுக்குக் கணக்குப் பரீட்சை என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“பரீட்சை அன்னைக்குப் பிள்ளைய இங்கன உக்கார வைக்கலாமா?” என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

“ஐஸ் லாரி நிக்காது சார். அவுக அப்பா போட்டுல வலை கழுவுறாக. ஒத்தையில நான் எம்புட்டுப் பிரிப்பேன்? உங்க கை சும்மாதான இருக்கு, உக்காருங்க.”

சுற்றிலும் சிரிப்பு. உட்கார்ந்துவிட்டேன்.

“பெருசு இந்தக் கூடை, பொடிசு அந்தக் கூடை. நண்டு கெடந்தா கைய விட்ராதீங்க சார்” என்று சொல்லிவிட்டு, ஜெனிபர் கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள்.

எங்கள் ஊரில் மிளகாய்ப் பழம் எடுக்கும் நாட்களில் என் வகுப்பிலும் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். எங்கள் வீட்டில் பழம் எடுக்க இரண்டு சித்தப்பாக்கள் இருந்ததால் நான் பள்ளிக்குப் போனேன். அதை என் கெட்டிக்காரத்தனம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

லாரி கிளம்பியதும் அவள் அம்மா எனக்கு டீ வாங்கித் தந்தார்.

“பரவால்ல, கை பழகிருச்சு. வியாழக்கெழமையும் போட்டு வரும், அன்னைக்கு இங்கிலீஷ் பரீட்சை. வருவீகளா சார்?”

வியாழனும் போனேன். அதற்குப் பிறகு போக முடியவில்லை. இப்போதும் செவ்வாய், வியாழன் காலைகளில், அந்தக் கூடைகளுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன்.