சாமிக்குப் பக்கத்தில் விளக்குமாறு

சாமிக்குப் பக்கத்தில் விளக்குமாறு வைத்திருப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒஸ்லோவில், அதுவும் என் சொந்த வீட்டில். ரொம்மனில் நாலாம் மாடியில் எங்கள் வீடு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் மதுஷாவின் அறையில், வடக்குப் பார்த்த யன்னலடியில் ஒரு சின்ன மேசை முளைத்திருந்தது. அதன்மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், இன்னொன்றில் உப்பு, ஒரு மெழுகுதிரி, காட்டில் பொறுக்கிய கல், ஒரு காக்கை இறகு. இவை எல்லாவற்றுக்கும் காவலாக, பேர்ச் மரக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு முழ நீள விளக்குமாறு. தேவாலயங்கள் வருவதற்கு முன் இந்தப் பக்கத்து மனிதர்கள் கும்பிட்ட நிலத்தையும் நீரையும் பருவங்களையும் மறுபடி கும்பிடத் தொடங்கியிருக்கிற பிள்ளைகள் இங்கே உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்களில் ஒருத்தி என் வீட்டிலேயே சோறு தின்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வழிபாட்டுக்கு விக்கா என்று பேர் சொன்னாள். பூசைமேடையான அந்த மேசையை அல்ட்டர் என்றாள்.

"இதென்ன பிள்ளை, சாமிக்குப் பக்கத்திலை விளக்குமாறு?"

"அது வீடு கூட்டுறது இல்லை அப்பா. கும்பிட முதல் அந்த இடத்திலை கிடக்கிற கெட்டதைக் கூட்டி வெளியிலை விடுறது."

"கெட்டதைக் கூட்டின சாமானைச் சாமிக்குப் பக்கத்திலையோ வைக்கிறது?"

"பின்னை எங்கை வைக்கிறது? வேலை செய்யிறது அதுதானே."

வாதத்தில் தோற்ற தகப்பன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். அடுத்த நாள் அவள் வெளியே போனதும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டுபோய் பல்கனியில், பனி அள்ளும் சவளுக்குப் பின்னால் வைத்தேன். பின்னேரம் அது பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி திரும்பியது. நான் பஸ் ஓட்டுகிறவன். ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போய்வருவதில் எனக்குச் சலிப்பில்லை. மூன்றாம் தடவை அவள் வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, உங்கடை சாமியறையிலை எனக்கு மாதத்திலை அஞ்சு நாள் இடமில்லை. இதிலை எல்லா நாளும் இடமிருக்கு. இதையும் எடுக்கப் போறியளோ?"

சாமியறை என்பது பெருமைக்குச் சொல்வது. உண்மையில் அது உடுப்பு அலுமாரி வைப்பதற்காகக் கட்டிய ஒடுங்கிய அறை. மதுஷாவுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, சரஸ்வதி பூசைக்குப் பாடுவதற்கென்று ஒரு தேவாரத்தை இரண்டு கிழமை பாடமாக்கினாள். தமிழ் எழுத்துகள் தடுமாறும் என்பதால் நோர்வேஜிய எழுத்தில் எழுதி வைத்து, குளிக்கும்போதும் பாடிக்கொண்டிருந்தாள். பூசையன்று காலையில் அவளுக்கு மாதவிலக்கு. என் மனைவி சாந்தி, "நீ உள்ளை வராதை" என்றாள். பிள்ளை நடையில் நின்றது. அவள் பாட வேண்டிய தேவாரத்தை உள்ளே நின்று நான் பாடினேன். பாடுவதற்கு முன் எழுந்துபோய் அறைக் கதவையும் சாத்தினேன். கதவைச் சாத்தும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. அதன்பிறகு அவள் எங்கள் சாமியறையில் பாடியதே இல்லை. அது எனக்கு இத்தனை வருடமாக உறைக்கவும் இல்லை.

அவள் வாசலில் நின்று கேட்ட அந்த நாளோடு நான் விளக்குமாற்றைத் தொடுவதை விட்டேன். அவளோடு கதை பேச்சும் நின்றுபோனது. "சாப்பிட்டியோ" என்றால் "ஓம்", அவ்வளவுதான் எங்களுக்குள் மிஞ்சியது.

ஒக்டோபர் கடைசியில் ஊரில் என் அண்ணை செத்துப்போனார். அடுத்த நாளே எரித்துவிட்டார்கள். எந்த விமானமும் என்னை அதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது. கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பதினைந்து நிமிட இடைவேளையில் அதைப் போனில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. முப்பது வருடங்களுக்கு முன் என்னைக் கொழும்புக்கு பஸ் ஏற்றிவிட்ட காலையில், அண்ணை என் சட்டைப் பையில் பேப்பரில் மடித்த திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை வைத்தார். "போற இடத்திலை முதல் இதுக்கு ஒரு இடம் பிடி, பிறகு உனக்குப் பிடி" என்றார். இங்கே வந்திறங்கி, அகதி முகாமில் நாலு பேர் படுக்கும் அறையில் யன்னல் விளிம்பில் இடம் பிடித்தேன். பொட்டலம், கலண்டரில் கிழித்த முருகன் படம், ஒரு தேத்தண்ணிக் கோப்பை. முதல் வெள்ளிக்கிழமை கோப்பைக்குள் கற்பூரம் கொளுத்தியதும் அலாரம் அடித்து முகாமே வெளியே பனியில் நின்றது. பொறுப்பாளரான பெண்மணி கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு, "சமைப்பதென்றால் கீழே குசினி இருக்கிறது" என்றாள். கும்பிட்டேன் என்று விளக்க என்னிடம் மொழி இருக்கவில்லை. தலையை ஆட்டினேன். அவளும் ஒன்றையும் அகற்றாமல் போனாள்.

அண்ணையின் செய்தி வந்த அன்றே சாந்தி சாமியறைக் கதவைச் சாத்தினாள். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு; விளக்கில்லை, கோயிலில்லை.

"ஒரு விளக்காவது அண்ணைக்குக் கொளுத்துவமே" என்றேன்.

"செத்த வீடு அங்கை. அவருக்கு அங்கை விளக்கு எரியுது. இஞ்சை எங்களுக்குத் துடக்கு மட்டும்தான்."

அவள் சொன்னது எங்கள் முறைப்படி சரிதான். சாவு வீட்டுக்கு எனக்கு வழியில்லை, துடக்குக்கு மட்டும் விசா தேவைப்படவில்லை. வேலையில் என்னோடு வண்டி ஓட்டும் நோர்வேஜியன் ஒருவன், "உங்கள் கோயிலுக்குப் போ, மனம் ஆறும்" என்றான். இப்போது போக முடியாது என்றேன். "ஏன், கடவுளுக்கு உன்னோடு கோபமா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், நேரமாகிவிட்டது என்று வண்டியில் ஏறினேன்.

ஒரு கிழமை கழித்து, நாலரை மணிக்கே இருட்டிப்போன ஒரு பின்னேரம் வேலையால் வந்தேன். மதுஷாவின் கதவு திறந்திருந்தது. மேசையில் அண்ணையின் படம். நாங்கள் கடைசியாக ஊருக்குப் போனபோது, தோளில் துவாயோடு சிரித்தபடி நின்றவரை அவள்தான் எடுத்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் சோறு.

"எங்கடை வழியிலை இது செத்தவையைக் கூப்பிடுற காலம் அப்பா. பெரியப்பாவைக் கூப்பிடப் போறன்."

என் கால் வாசற்படியில் நின்றுவிட்டது. பழக்கம் விடவில்லை. "நான் துடக்குக்காரன் பிள்ளை" என்றேன். அவளுக்கும் அதே துடக்குத்தான் என்பதுகூட எனக்கு அப்போது நினைவில்லை. ஒரு கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்பதுதான் நினைவில் இருந்தது. அவள் நினைத்திருந்தால் அந்தக் கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தியிருந்தாலும் எனக்கு அது தகும்.

"இஞ்சை துடக்கில்லை, வாங்கோ."

விளக்குமாற்றை எடுத்து என் காலடியிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தரம் கூட்டினாள். பிறகு நெருப்புப் பெட்டியைத் தந்தாள். குசினியிலிருந்து சாந்தியின் குரல் கேட்டது. "அவருக்கு வெத்திலை எண்டால் உயிர். குறொன்லாண்ட் கடையிலை வாங்கினது பிரிட்ஜுக்குள்ளை கிடக்கு, எடுத்து வையுங்கோ." அவள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. நான் வெற்றிலையை வைத்து, மெழுகுதிரியைக் கொளுத்தி, பாட வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது. அப்போது மதுஷா பாடினாள். பதின்மூன்று வயதில் பாடமாக்கிய அதே தேவாரம், ஒரு சொல்லும் பிசகாமல், முழுவதும்.

முப்பத்தோராம் நாள் ஊரில் அண்ணையின் மகன் அந்தியேட்டிக் கிரியை செய்து முடித்தான். இங்கே சாந்தி வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமியறையைத் திறந்தாள். நான் குளித்து, கிழக்குப் பார்த்து விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டேன். கதவைச் சாத்தவில்லை. வேலைக்கு வெளிக்கிடும்போது பார்த்தேன், மதுஷாவின் அறையில் யன்னல் காற்றுக்கு விளக்குமாறு நிலத்தில் விழுந்து கிடந்தது. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். உள்ளே போய்க் குனிந்து, அதை இரண்டு கையாலும் எடுத்து, அண்ணையின் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். விரலில் இருந்த திருநீறு அதன் பிடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. துடைக்கக் கையெடுத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டு பஸ் எடுக்கப் போனேன்.