துணி கட்டிய குடம்

போன மாதம் பெரியத்தை இறந்தபோது தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் தனக்குத் துணையாகப் படுத்தவள் என்றார் ஒருவர். குழாயடிச் சண்டையை ஒரே அதட்டலில் தீர்த்தவள் என்றார் இன்னொருவர். நகராட்சியைக் கடைசிவரை பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் ‘மேரி’ என்றே சொன்னதையும், பிறப்புச் சான்றிதழ் வாங்க எல்லோரையும் அங்கே இழுத்துக்கொண்டு போனதையும் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. மஞ்சள் பூசிய ஒரு குடத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரியத்தை என் அப்பாவுக்கு அத்தை. மில்லில் நூல் நூற்கும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள், வீடு வீடாகப் போய்க் கேழ்வரகு மாவு வாங்குவது அவள் பொறுப்பு. வீட்டுக்கு ஒரு கை. குடத்தின் கழுத்தில் வேப்பிலை சுற்றி, வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருப்பாள். துணியின் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். மாவை மூடிய கையில் கொண்டுவந்து, உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த வருஷம் குடத்தைச் சுமக்கும் பெருமை ஒன்பது வயதான எனக்குக் கிடைத்தது.

அது மில் மூடிய வருஷம். மில் சங்கு நின்றுபோயிருந்ததால், மதியம் எங்கே முடிந்தது, சாயங்காலம் எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. கடல்காற்று மெதுவாக வந்தது. வேப்பிலையும் மாவும் கலந்த வாசனையில் எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. முகங்களை நான் பார்க்கவில்லை. கைகள்தான் வந்து வந்து போயின. வளையல் கை, மருதாணிக் கை, தோல் சுருங்கின கை. நான் கவனித்த கையெல்லாம் மாவு அப்பிக்கொண்டு வெளியே வந்தது.

கோடி வீட்டு அக்காவின் கை மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வெளியே வந்தது.

“பெரியத்தை, இவங்க கைல மாவே இல்ல!” என்று கத்திவிட்டேன்.

பக்கத்து வாசல்களில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் முகம் சுண்டிப்போனது. துணியைத் தட்டித் தட்டி மாவு படிந்திருந்த தன் இரண்டு கைகளாலும் பெரியத்தை அந்தக் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அதை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“தோ பாரு, எம்மாம் மாவு! நின்னுக்கினே தூங்குறியாடி?”

பெண்கள் சிரித்தார்கள். “மகாராணிய ஊட்டுக்கு இட்டுக்கினு போயி தாலாட்டு பாடு ஆயா,” என்றாள் ஒருத்தி.

பெரியத்தை அக்காவிடம் குரலைத் தாழ்த்தினாள். “நாளைக்குப் புள்ளைங்கள இட்டுக்கினு வந்துடு. நீ வராம நான் ஊத்த மாட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் பெரியத்தை எங்கள் மாவுப் பானையிலிருந்து அள்ளிக் குடத்தில் போட்டாள். வீட்டுக்கு ஒரு கைதான். அவளோ நான்கு கை போட்டாள். வயதாகிவிட்டது, போட்டதை மறந்து திரும்பத் திரும்பப் போடுகிறாள் என்று நினைத்தேன். கோபத்தில் இருந்ததால் நான் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் ஏறியும் பெரியத்தை அகப்பையைத் தொடவில்லை. சொம்போடும் தூக்கோடும் வரிசை நீண்டது.

“இன்னும் இன்னாத்துக்கு ஆயா காத்துக்கினு கீற? கூழு கல்லாயிடும்.”

“இன்னும் ஒரு ஊடு வரல.”

அவள் கண் தெருக்கோடியிலேயே இருந்தது. கடைசியில் அக்கா, முன்பு மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோன தூக்கோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தார். வரிசையின் கடைசியில் நிற்கப் போனவரைப் பெரியத்தை கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“மாவு போட்டவ தானே நீ? வாங்கிக்க இன்னா வெக்கம்?” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லி, தூக்கு வழிய ஊற்றினாள். பொய் சொல்கிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஆடியிலும் குடத்தை நான்தான் சுமந்தேன். மாவு ஒட்டாத கைகள் வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெரியத்தை ஏழு கை போட்டாள். அதற்கடுத்த வருஷம் பதினொன்று. பாவம், வருஷத்துக்கு வருஷம் அவளுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா மாவுப் பானையைப் பெரியத்தையின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.