ஆக்னஸ் முன்கூட்டிப் போடாத கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை திருக்கோகர்ணத்தில் கோழிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் கிளினிக்கின் உதவியாளர் முத்துலட்சுமி. "சார், ஆக்னஸ் அக்கா தவறிட்டாங்க. சர்ச்சுப் பூசைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தாங்களாம். நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவங்கதான்" என்றாள். "யாரு சொன்னா? வாயில வந்ததப் பேசாத" என்று திட்டிவிட்டேன். அவள் அழுதாள். அப்போதுதான் நம்பினேன். கடைக்காரர் எத்தனை கிலோ என்று இரண்டு முறை கேட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு ஆக்னஸ் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்துபோன யாருக்கும் ஆக்னஸை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பக்கவாதம் வந்து படுத்துக்கிடந்தவர்களை அவர் நடக்க வைத்த கதைகளை அடக்கத்தன்று ஆளுக்கொன்றாகச் சொன்னீர்கள். நீங்கள் யாரும் அறியாத கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் எனக்குத் துளியும் பெருமை இல்லை. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுதினால் எனக்கே என்னைப் பிடிக்காது.

வேலை கேட்டு வந்த அன்றே அவர் என்னைச் சோதித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கேள்வி கேட்க வேண்டியவன் நான். அவரோ சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒங்க பதிவுச் சான்றிதழ் எங்க சார் மாட்டியிருக்கு?" என்றார். தினசரிக் காலண்டருக்குப் பின்னால் இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது. அவரே போய்க் காலண்டரைக் கழற்றி வேறு ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, "இப்ப கேளுங்க சார்" என்றார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். அவரைப்போலக் கைத்திறன் உள்ளவர் இந்தப் பக்கத்தில் கிடையாது.

சூட்டு ஒத்தடம் கொடுப்பதற்கு முன்னால் ஆக்னஸ் செய்யும் சடங்கு உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தோலில் எதை வைத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் ஒத்தடம். நேற்று வந்தவர் இன்று வந்தாலும் முதலிலிருந்துதான். "பரீட்சையில பாஸாயிட்டேனா டீச்சர்?" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. "இன்னைக்குப் பாஸு. நாளைக்கு நாளைக்குத்தான்" என்பார். சர்க்கரை நோயில் மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. தெரியாத காலில் சூடு வைத்தால் வெந்துபோகும். அதற்காகத்தான் அந்தப் பரீட்சை.

என்னிடம் வேறொரு பழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் அன்றைக்கு வரப்போகிறவர்களின் சிகிச்சைத் தாள்களை அடுக்கி வைத்து மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். 'நோயாளியைச் சோதித்தேன், தோலில் உணர்ச்சி சரியாக உள்ளது, ஒத்தடம் கொடுக்கலாம்' என்று அந்தத் தாளில் அச்சிட்டே இருக்கும். கையெழுத்து இருந்தால் உதவியாளர்கள் வேலையை ஆரம்பித்துவிடலாம். விதி அப்படிச் சொல்லவில்லை. நோயாளியைச் சோதிப்பதும் என்ன சிகிச்சை என்று முடிவு செய்வதும் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்டின் வேலை. உதவியாளர் அந்தச் சிகிச்சையைக் கொடுக்கும்போது அவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். எங்கள் கிளினிக்கைப் பதிவு செய்தபோது நான் ஒப்புக்கொண்ட நிபந்தனை அது. ஆக்னஸும் பதிவு பெற்றவர்தான், ஆனால் ஒரு தாளில்கூட முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டதில்லை. பார்த்த நேரத்தையும் பக்கத்தில் எழுதுவார். "நாப்பது பேரு காத்திருக்காங்க, நேரமெல்லாம் எழுதணுமா?" என்று நான் கேட்டபோது, "நீங்க சோதிச்சேன்னு எழுதுறீங்க. அந்த மனுசன் இன்னும் பஸ்ஸுலயே இருக்காரு சார்" என்றார். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

மீமிசலில் வாரம் இரண்டு நாள் கிளை ஒன்று நடத்தினேன். ஒரு புதன்கிழமை ஆவுடையார்கோவிலில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். தலையைக் காட்டிவிட்டு நேராக மீமிசல் போய்விடலாம் என்பது என் கணக்கு. கையெழுத்துப் போட்ட தாள்களை முந்தின நாளே முத்துலட்சுமியிடம் கொடுத்து, நான் வரத் தாமதமானால் ஆரம்பித்துவிடு என்று சொல்லி, காலைப் பஸ்ஸில் அவளை அனுப்பிவிட்டேன். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தேன். பிறகு பேச்சுக்கு உட்கார்ந்தேன். மீமிசலில் ராயப்பன் என்ற மீனவர் கெண்டைக்கால் வலி என்று வந்திருக்கிறார். தாளில் என் கையெழுத்து இருந்தது. முத்துலட்சுமி ஒத்தடப் பையை வைத்தாள். அவருக்குச் சர்க்கரை. சூடு தெரியவே இல்லை. நான் மீமிசல் போய்ச் சேர்ந்தபோது கெண்டைக்கால் முழுக்கக் கொப்புளம்.

ராயப்பனின் மகன் புகார் கொடுத்தார். ஒரு வாரத்தில் விசாரணைக்கு அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. என் பதிவு போய்விட்டால் நான் இந்தத் தொழிலே செய்ய முடியாது. பயத்தில் மனிதன் எவ்வளவு கேவலமாக யோசிப்பான் என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன். நான் ராயப்பனைச் சோதித்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருந்ததாகவும், முத்துலட்சுமி கவனக்குறைவாகப் பையை அதிக நேரம் வைத்துவிட்டதாகவும் ஒரு விளக்கக் கடிதம் தயார் செய்தேன். அவளைக் கூப்பிட்டு, இப்படித்தான் சொல்ல வேண்டும், கிளினிக் பிழைத்தால்தான் எல்லோரும் பிழைக்கலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள் வேறு என்ன செய்வாள்?

ஆக்னஸிடம் நான் சொல்லவில்லை. முத்துலட்சுமி முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார். விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அந்தப் புள்ள தலையில எதுக்கு சார் கட்டுறீங்க?"

"நீங்க இதுல தலையிடாதீங்க. ஒங்க பேரு எங்கயும் வராது."

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும் சார். நீங்களா சொல்றதுக்கு முந்தி நான் போயிச் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது. ஆனா என்னையக் கேட்டா, பொய் சொல்ல மாட்டேன்."

"வேலை வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். கேட்டேன்தான். இன்று இதை எழுதும்போது கை கூசுகிறது. அவர் குரலை உயர்த்தவில்லை. "வேணும் சார். நாளைக்கும் வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், காத்திருந்த ஒரு பாட்டியின் முழங்காலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் வந்த அதிகாரி ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா. கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ராயப்பனின் தாளை மேசையில் விரித்து வைத்து, "இது ஒங்க கையெழுத்துதானே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முத்துலட்சுமியிடம் திரும்பி, "சார் பாத்துட்டுச் சொன்ன பெறகுதான் ஒத்தடம் போட்டீங்களா?" என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா மேடம்" என்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்திருந்தது. இன்னும் ஒரு கேள்வி தாண்டினால் பழி முழுக்க அவள்மேல் இறங்கிவிடும். அறையில் இருந்த எங்கள் மூவருக்கும் அது தெரியும்.

அதிகாரி ஆக்னஸைப் பார்த்தார். "நீங்க சீனியர். ஒங்களுக்குத் தெரிஞ்சத சொல்லுங்கம்மா."

ஆக்னஸ் என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "நான் சொல்றதுக்கு முந்தி சார் ஒண்ணு சொல்லணும்னு இருக்காரு மேடம். அதக் கேட்டுக்கங்க" என்றார்.

நான் எதையும் சொல்வதாக இல்லை. அந்தக் கணத்தில் அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதிகாரி பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு சொன்னேன். தாளில் முந்தின நாளே கையெழுத்துப் போட்டதை, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்ததை, முத்துலட்சுமியை ஆரம்பிக்கச் சொன்னது நான்தான் என்பதை, இப்போது அவளைப் பொய் சொல்ல வைத்ததை. நல்ல மனத்தோடு சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் ஆக்னஸ் திறப்பார் என்ற பயத்தால்தான் சொன்னேன். ஆனால் அவரே சொல்லி என்னை அசிங்கப்படுத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல் சொல்லும் வாய்ப்பை எனக்குக் கொடுத்தார். இது புரிய எனக்கு நாளானது.

மீமிசல் கிளையை மூடச் சொன்னார்கள். பதிவு பெற்ற ஒருவர் முழு நேரமும் இருந்தால்தான் திறக்கலாம் என்று உத்தரவு. என் பதிவு என்ன ஆகுமோ என்று பல மாதங்கள் தூக்கமில்லாமல் கிடந்தேன். கடைசியில் கடுமையான எச்சரிக்கையோடு விட்டார்கள். முத்துலட்சுமிமேல் எந்த நடவடிக்கையும் இல்லை. அந்த நாட்களில் நான் ஆக்னஸிடம் வேலை தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் தானாகவே வந்து, "மீமிசலுக்கு நான் போறேன் சார். நீங்க இங்கிட்டுப் பாத்துக்கங்க" என்றார். அன்றிலிருந்து புதனும் சனியும் பஸ் ஏறி அங்கே போனார். முதல் நாளே ராயப்பன் வீட்டுக்குப் போய்ப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்டேன். ராயப்பன், "பையி கால்மேலதான் இருந்துச்சு தம்பி. எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று மட்டும் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதேன். ஆக்னஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரை அடக்கம் செய்து மூன்று நாள் கழித்து ராயப்பன் போன் செய்தார். மீமிசல் கிளை பூட்டிக் கிடக்கிறது, நாலைந்து பேர் வந்து திரும்பிப் போகிறார்கள், எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார். இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன், பதிவு பெற்ற இன்னொரு ஆள் கிடைத்ததும் திறக்கிறேன் என்றேன்.

"அதுவரைக்கும் நம்ம முத்துலட்சுமி வந்து போட்டா போதாதா? அதுக்குத் தெரியாத வேலையா?"

"போதாதுண்ணே."

"வெந்தது என் காலு. எனக்கே மறந்துபோச்சு. நீங்க என்னங்க இன்னும்..."

எனக்கு மறக்கவில்லை. எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த முத்துலட்சுமிக்கும் மறக்கவில்லை. மேசைமேல் அன்றைய தாள்கள் அடுக்கியிருந்தன. எதிலும் கையெழுத்து இல்லை. அந்த விசாரணைக்குப் பிறகு நான் ஆக்னஸுக்குப் பயந்துதான் ஒழுங்காக இருந்தேன். இப்போது என்னைத் திரும்பிப் பார்க்க அவர் இல்லை. பயம் மட்டும் போகாமல் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.