எருக்கு முளைத்த வீடு

பெட்ரோலும் அறுபட்ட பச்சையும் கலந்த வாடை. எங்கே அடித்தாலும், ஏதோ ஒரு காலி மனையைக் கடக்கும்போது அடித்தாலும், என் கால் தானாக நின்றுவிடுகிறது. போன கார்த்திகையில் ஒரு காலை அது என் வாசலிலேயே அடித்தது.

உள்ளே காபி கலந்துகொண்டிருந்தேன். வெளியே மெஷின் உறுமியது. ஓடிப்போய்ப் பார்த்தால், கேட்டுக்குப் பக்கத்தில் பூத்துக் கிடந்த தும்பை முழுக்கத் தரையோடு தரையாகக் கிடக்கிறது. புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிய ஒரு ஆள். அவருக்குப் பின்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சின்னாளபட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய என் அக்கா.

“நிப்பாட்டுங்க,” என்றேன்.

“நீங்க வெட்டுங்க,” என்றாள் அக்கா.

அவள் மகளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நத்தத்திலிருந்து வருகிறார்கள். அக்கா இருப்பது ஒடுக்கமான மாடிப் போர்ஷன். தாய்மாமன் வீட்டில் வைத்தால் கௌரவம் என்று அவளே முடிவு செய்திருந்தாள். என் வாசலிலோ ஆளுயரத்துக்கு எருக்கு நிற்கிறது. எங்கள் பக்கம் ஒரு குடும்பம் நாசமாகப் போக வேண்டுமென்றால், “உன் வீட்டுல எருக்கு முளைக்க” என்றுதான் சாபம் விடுவார்கள். அந்தச் சாபத்தை நான் தண்ணீர் விட்டு வளர்க்கிறேன்.

வளர்க்கத்தான் செய்வேன். மழை ஓய்ந்தால் முன்பெல்லாம் சிறுமலைப் பக்கமிருந்து வெள்ளை வெள்ளையாய்ப் பட்டாம்பூச்சிகள் இறங்கி வரும். ரோட்டில் போகிறவன் முகத்தில் மோதும். இப்போது மழை வருகிறது, அவை வருவதில்லை. பூக்காட்டில் மருந்து, வரப்பில் களைக்கொல்லி, ஊருக்குள் வந்தால் வாசல் முழுக்கச் சிமெண்ட். அவை எங்கேதான் முட்டையிடும்? அதனால் களைக்கொத்தைத் தொடுவதை நிறுத்தினேன். முளைப்பது முளைக்கட்டும். ஆவாரை வந்தது, நாயுருவி வந்தது, குப்பைமேனி வந்தது, கடைசியில் எருக்கு. அதைத் தேடிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில், சிறகோரம் மை பூசினாற்போல் ஒரு பட்டாம்பூச்சி வந்தது. இலையடியில் முட்டை வைத்துவிட்டுப் போனது. எங்கள் தெருவில் வேறெங்கும் அதன் புழுவுக்குச் சோறில்லை.

எருக்குக்கும் மெஷினுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

“ஏலே, தள்ளு. அம்பது வயசாகப் போகுது, பூச்சிக்குக் காவல் நிக்கிற. வாரவுக எருக்கைப் பாத்தா வாசப்படி மிதிப்பாகளா?”

“வரட்டும். நானே காரணம் சொல்றேன்.”

“எருக்குக்குக் காரணம் சொல்ற தாய்மாமன் எந்த ஊர்ல இருக்கான்? பாம்பு வேற வருதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாக.”

“வருது. எலியைத் தின்னுட்டு அது பாட்டுக்குப் போகுது. உன்னை மாதிரி முதல் பஸ்ஸைப் புடிச்சு வந்து வம்பிழுக்கல.”

மெஷின்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினார். “அண்ணே, பெட்ரோல் வீணா எரியுது. நீங்க பேசி முடிங்க. நான் செத்த நேரத்துல ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.” மெஷினை அணைத்து இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சத்தம் அடங்கியதும் கருவண்டின் ரீங்காரம் கேட்டது. ஒரு இலையைத் திருப்பி அக்காவுக்குக் காட்டினேன். அடியில் ஒரு கூடு தொங்கியது. பச்சை லோலாக்கு மாதிரி, மேலே பொன் புள்ளி பதித்து.

குனிந்து பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. இதையே எம் மக காதுல மாட்டி அனுப்பிரவா?”

“றெக்கை முளைச்சதும் பறந்துரும்க்கா.”

“அது பறந்ததும் வெட்டிருவியா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். நத்தத்துக்காரர்களிடம் ஏதாவது சாக்குச் சொல்லி நாளைத் தள்ளிப் போட்டிருப்பாள். எனக்காக இதற்கு முன்னும் செய்திருக்கிறாள். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்தது.

“அடுத்தது வரும்ல. வெட்ட மாட்டேன்.”

முந்தானையை உருவி முகத்தைத் துடைத்தாள். “மருமக வாழ்க்கையை விட உனக்குப் புழு பெருசாப் போச்சு.”

“ஒரு செடியைப் பாத்துட்டுத் திரும்பிப் போறவன் வீட்டுல அவ என்னத்தை வாழப் போறா?”

அக்கா போனை எடுத்து நத்தத்துக்குப் பேசினாள். வீட்டில் வேண்டாம், அம்மன் கோயில் மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம், அதுதான் மங்களம் என்றாள். குரலில் அவ்வளவு குழைவு. மெஷின்காரர் திரும்பி வந்து எங்கள் முகங்களைப் பார்த்தார், மெஷினைத் தூக்கி வண்டியில் வைத்துக் கட்டினார். அறுபட்ட தும்பையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு அக்கா தெருவில் இறங்கினாள்.

“ஞாயித்துக்கெழமை நீ கோயிலுக்கு வர வேணாம்.”

“வருவேன். தாய்மாமனை வராதேன்னு சொல்ல உனக்கு ஏது உரிமை? கேட்டைச் சாத்திட்டுப் போயிட்டு வாக்கா, ஆடு வந்துரும்.”