தயிர்சாதம் தின்ற ஆமை

எழுதிப் பழக்கமில்லாதவள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் கோயிலில் வேலை செய்கிறார். வீட்டில் அசைவம் கிடையாது. அதனால் மகளின் குட்டி ஆமைக்கும் தயிர்சாதமே வைத்தேன். அதன் ஓடு நமத்த அப்பளம்போல் மெத்தென்றாகிவிட்டது. "சின்ன மீன், கீரை, வெயில் மூணும் வேணும். இல்லேன்னா பொழைக்காது" என்றார் கால்நடை மருத்துவர்.

கணவருக்குத் தெரியாமல் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போனேன்.

"கோயில் வூட்டம்மா, உனக்கு இன்னாத்துக்கு மீனு?" என்று மீன்காரம்மா சிரித்தார்.

"ஆமைக்கும்மா. இதுவரைக்கும் தயிர்சாதம்தான் போட்டேன், ஓடு மெத்துன்னு ஆயிடுச்சு."

"அடிப்பாவி! உன் சோத்த நீ துன்னு. அதுக்கு நெத்திலிய முள்ளோட போடு, ஓடு கல்லு மாதிரி ஆவும்."

மூன்று மாதத்தில் ஓடு கெட்டிப்பட்டது! மருத்துவர் தட்டிப் பார்த்து, "ஜெயிச்சிட்டீங்கம்மா" என்றார். இப்போது எந்த உயிருக்கும் அதன் உணவைக் கேட்டறிந்தே கொடுக்கிறேன். மருத்துவர் அப்படிச் சொன்ன அன்று மாலையே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவரே நெத்திலி வாங்கிவந்தார்.